ரீசெட் பண்ணதுக்கப்புறம் தண்டர்பேர்ட் மெயில் ப்ரோக்ராம்ல இருந்த பழைய மெயில் எல்லாம் காணோம், திரும்ப எடுக்க முடியுமா?

வரிக்குதிரை:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்பப் பதட்டத்துல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. மூணு நாளைக்கு முன்னாடி என் லேப்டாப் ஆன் பண்ணா திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருந்துச்சு, டெஸ்க்டாப் வரைக்கும் போகவே இல்ல, கடைசில ஒரு நீல ஸ்கிரீன்ல ரீசெட் திஸ் பிசின்னு வந்துச்சு, அதுக்குள்ள கீப் மை ஃபைல்ஸ்னு ஒண்ணு இருந்துச்சு. நம்ம ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்னு தானே அர்த்தம்னு நம்பி அதை அழுத்திட்டேன். டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாம் நிஜமாவே அப்படியே இருக்கு. ஆனா தண்டர்பேர்டையே காணோம். திரும்ப டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணா புது ஆள் மாதிரி பேரென்ன, மெயில் ஐடி என்னன்னு கேக்குது.

ஐடி போட்டதும் இப்போ யூஸ் பண்ற அக்கவுன்ட் முழுசா வந்துடுச்சு. வராதது என் பழைய அக்கவுன்ட். அந்த கம்பெனி மெயில் சர்வீஸையே எப்பவோ மூடிட்டாங்க, அதனால அந்த மெயில் எல்லாம் என் லேப்டாப்ல மட்டும்தான் இருந்துச்சு. லோக்கல் ஃபோல்டர்ஸ்ல வாத்தியார்னு ஒரு ஃபோல்டர் வச்சிருந்தேன். நான் மொழிபெயர்ப்பு பழக ஆரம்பிச்சப்போ இருந்து அவர் கிட்டத்தட்ட ஒம்பது வருஷமா வரி வரியா திருத்தி அனுப்புன மெயில் எல்லாம் அதுலதான் இருக்கு. அவர் இப்போ இல்ல. அதனாலதான் கை நடுங்குது. யாராவது வழி சொல்லுங்க.

செந்தில்_க:
சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு முதல்ல பாருங்க, ரீசெட்டுக்கு முந்தின விண்டோஸ்ல இருந்தது அதுலதான் ஒதுங்கியிருக்கும். வேற எதையும் தொடாதீங்க.

மழைக்காலம்:
எனக்கும் இதே மாதிரி ஆச்சு. ஒரு நல்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் இறக்கி சி டிரைவ்ல போட்டு முழு ஸ்கேன் விடுங்க, கூடவே டிஸ்க் கிளீனப் ஓட்டுனா இடமும் கிடைக்கும்.

பழைய ஹார்ட்டிஸ்க்:
மழைக்காலம் தம்பி, நல்ல மனசோட சொல்றீங்கன்னு தெரியுது, ஆனா இந்த நேரத்துல அந்த ரெண்டுமே ஆபத்து. டிஸ்க் கிளீனப்ல ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு ஓகே குடுத்தா அவங்க தேடுற பொருளே போயிடும். தொலைஞ்ச பொருள் இருக்கற டிஸ்க்லயே ரெக்கவரி சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணா, அது எழுதுற இடம் பழைய மெயில் கிடந்த இடமாவே இருக்கலாம். வரிக்குதிரை, தயவுசெஞ்சு ரெண்டையும் பண்ணாதீங்க.

இப்போ கொஞ்சம் நிதானமா கேளுங்க. உங்க மெயில் அழிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. கீப் மை ஃபைல்ஸ்ங்கறது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் மாதிரி நம்ம கண்ணுக்குத் தெரியற ஃபோல்டரைத்தான் காப்பாத்தும், ப்ரோக்ராமையும் அதோட செட்டிங்ஸையும் எடுத்துடும். தண்டர்பேர்ட் தன்னோட மெயிலை டாக்குமென்ட்ஸ்ல வைக்கறதில்ல. ஆப்டேட்டான்னு ஒரு மறைஞ்ச ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள ரோமிங், அதுக்குள்ள தண்டர்பேர்ட், அதுக்குள்ள ப்ரொஃபைல்ஸ், அங்கதான் எல்லாமே இருக்கும். விண்டோஸ் கணக்குல அது உங்க ஃபைல் இல்ல, ப்ரோக்ராமோட செட்டிங்ஸ். இந்த ஒரு விஷயம் தெரியாமதான் நிறைய பேரு உங்களை மாதிரி தவிச்சுப் போறாங்க, அந்த பட்டனுக்கு அப்படி ஒரு பேரு வச்சதே எனக்கு இன்னிக்கு வரைக்கும் வருத்தம்.

நாலு விஷயம் சொல்லுங்க. ரீசெட் பண்ணது சரியா என்னிக்கு? டிஸ்க் எஸ்எஸ்டியா சுத்துற ஹார்ட்டிஸ்கா? பழைய அக்கவுன்ட் பாப் வகையா (மெயிலை லேப்டாப்புக்கே இறக்கி வச்சுக்கறது), ஐமேப் வகையா (மெயில் சர்வர்லயே இருக்கறது)? செந்தில் சொன்ன ஃபோல்டர் இருக்கா?

வரிக்குதிரை:
ரொம்ப நன்றி அண்ணா. ரீசெட் பண்ணது வெள்ளிக்கிழமை ராத்திரி, இன்னிக்கு திங்கள். எஸ்எஸ்டிதான். பழைய அக்கவுன்ட் பாப்புன்னு ஞாபகம். விண்டோஸ்.ஓல்ட் இருக்கு! வலது கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாத்தா 31 ஜிபி காட்டுது. உள்ள யூசர்ஸ் இருக்கு, அதுக்குள்ள என் பேரும் இருக்கு, ஆனா ஆப்டேட்டான்னு எதுவும் இல்ல.

செந்தில்_க:
இருக்கும், மறைஞ்சிருக்கும். எக்ஸ்ப்ளோரர்ல மேல வியூ போங்க, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் டிக் பண்ணுங்க. பழைய விண்டோஸ்னா வியூக்குள்ளயே நேரா ஹிடன் ஐட்டம்ஸ் இருக்கும். பர்மிஷன் இல்லன்னு ஒரு பாக்ஸ் வந்தா கன்டின்யூ குடுங்க, கொஞ்ச நேரம் எடுக்கும்.

பழைய ஹார்ட்டிஸ்க்:
நாள் கேட்டதுக்குக் காரணம், விண்டோஸ்.ஓல்ட் காலத்துக்கும் இருக்காது, பொதுவா 10 நாள் ஆனதும் விண்டோஸே அதை அழிச்சிடும். உங்களுக்கு மூணு நாள்தான் ஆகியிருக்கு, அதனால பயப்படாதீங்க, ஆனா நாளைக்குப் பாத்துக்கலாம்னும் விட்டுடாதீங்க. ஃபோல்டரைக் கண்ணால பாத்ததும் முதல் வேலை, தண்டர்பேர்டுன்னு இருக்கற அந்த முழு ஃபோல்டரையும் ஒரு வெளி டிஸ்குக்கோ பென்டிரைவுக்கோ காப்பி பண்ணுங்க. கட் பண்ணாதீங்க, காப்பி மட்டும். அது முடியற வரைக்கும் வேற எந்தப் பரிசோதனையும் வேணாம்.

இன்னொண்ணு, ஆப்டேட்டாக்குள்ள லோக்கல்னு ஒண்ணு இருக்கும், அதுலயும் தண்டர்பேர்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அது வெறும் கேஷ், அதாவது தற்காலிக நகல். ரோமிங்ல இருக்கறதுதான் வேணும்.

வரிக்குதிரை:
கிடைச்சிடுச்சு அண்ணா!! ரோமிங்ல தண்டர்பேர்ட், அதுக்குள்ள ப்ரொஃபைல்ஸ். 6.4 ஜிபி, வெளி டிஸ்குக்கு காப்பி ஆகி முடிஞ்சுது. ஆனா ப்ரொஃபைல்ஸ்ல ரெண்டு ஃபோல்டர் இருக்கு. ரெண்டும் ஏதோ எட்டு எழுத்துல ஆரம்பிக்குது, ஒண்ணு டிஃபால்ட்னு முடியுது, இன்னொண்ணு டிஃபால்ட்-ரிலீஸ்னு முடியுது. எதை எடுக்கணும்?

பழைய ஹார்ட்டிஸ்க்:
பேரைப் பாக்காதீங்க, சைஸைப் பாருங்க. ஒண்ணு கிட்டத்தட்ட காலியா இருக்கும், இன்னொண்ணுல அந்த 6 ஜிபியும் இருக்கும். பெருசைத் திறந்தா உள்ள மெயில்னு ஒரு ஃபோல்டரும் ஐமேப்மெயில்னு ஒரு ஃபோல்டரும் தெரியும். ஐமேப்மெயில்ல இருக்கறது சர்வர்ல இருக்கறதோட நகல், அதான் ஐடி போட்டதும் உங்களுக்குத் திரும்ப வந்துடுச்சு. மெயில் ஃபோல்டருக்குள்ளதான் பாப் அக்கவுன்டும் லோக்கல் ஃபோல்டர்ஸும். லோக்கல் ஃபோல்டர்ஸைத் திறந்து, நீங்க வச்ச பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கான்னு சொல்லுங்க. ஒண்ணுக்கு எக்ஸ்டென்ஷனே இருக்காது, இன்னொண்ணு எம்எஸ்எஃப்னு முடியும்.

வரிக்குதிரை:
இருக்கு. வாத்தியார், எக்ஸ்டென்ஷன் இல்லாம, 1.1 ஜிபி. வாத்தியார் எம்எஸ்எஃப் 3 எம்பி. அண்ணா, அந்தப் பேரைப் பாத்ததும் அழுதுட்டேன்.

பழைய ஹார்ட்டிஸ்க்:
அழுங்க, தப்பில்ல. எக்ஸ்டென்ஷன் இல்லாத அந்த 1.1 ஜிபிதான் உங்க மெயில் மொத்தமும். எம்பாக்ஸ்னு சொல்லுவாங்க, ஒரு ஃபோல்டர்ல இருக்கற எல்லா மெயிலும் ஒரே ஃபைல்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதியிருக்கும். எம்எஸ்எஃப் வெறும் இன்டெக்ஸ், அதாவது மெயில் பட்டியல், அது போனாலும் திரும்ப உண்டாக்கிக்கலாம்.

இப்போ உள்ள கொண்டு வர வேலை. தண்டர்பேர்ட் திறந்திருந்தா மூடுங்க. வெளி டிஸ்க்ல இருக்கற அந்தப் பெரிய ப்ரொஃபைல் ஃபோல்டரை இப்போதைய ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், ப்ரொஃபைல்ஸ்க்குள்ள காப்பி பண்ணுங்க. அங்க புது இன்ஸ்டால் உண்டாக்குன ஃபோல்டரும் இருக்கும், அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுக்கு மேல எதையும் ஓவர்ரைட் பண்ணாதீங்க. அப்புறம் தண்டர்பேர்டைத் திறந்து ஹெல்ப்ல ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போனா அந்தப் பக்கத்துல ப்ரொஃபைல்ஸ்னு ஒரு லிங்க் இருக்கும், அதைத் தொட்டா கிரியேட் எ நியூ ப்ரொஃபைல்னு வரும், பேரு ஏதாவது குடுத்துட்டு சூஸ் ஃபோல்டர்ல நீங்க காப்பி பண்ணதைக் காட்டுங்க. முடிச்சதும் அதையே டிஃபால்ட்டா வச்சு தண்டர்பேர்டை மூடித் திறங்க. புது வெர்ஷன்ல ஓடுன ப்ரொஃபைலைப் பழைய வெர்ஷன்ல திறக்க விடாது, நீங்க லேட்டஸ்ட்தான் போட்டிருக்கீங்க, அதனால அந்தப் பிரச்சினை வராது.

ரவி77:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். பாஸ்வேர்டும் சேர்ந்து வருமா? எனக்கு ஒரு அக்கவுன்டோட பாஸ்வேர்ட் மறந்தே போச்சு, தண்டர்பேர்ட்தான் ஞாபகம் வச்சிருந்துச்சு.

பழைய ஹார்ட்டிஸ்க்:
முழு ப்ரொஃபைலையும் எடுத்தா வரும் ரவி. லாகின்ஸ் டாட் ஜேசன்னு ஒரு ஃபைல்ல பாஸ்வேர்ட் பூட்டி வச்சிருக்கும், கீ4 டாட் டிபின்னு ஒரு ஃபைல்லதான் அந்தப் பூட்டோட சாவி. ரெண்டும் ஜோடியா இருந்தாத்தான் திறக்கும், ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்தா வேலைக்காகாது. ப்ரைமரி பாஸ்வேர்ட் வச்சிருந்தா அதுவும் ஞாபகம் இருக்கணும். அட்ரஸ் புக் ஏபுக் டாட் எஸ்க்யூலைட்ல இருக்கும், ரொம்பப் பழைய வெர்ஷன்னா ஏபுக் டாட் எம்ஏபி.

வரிக்குதிரை:
நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். திறந்ததும் பழைய அக்கவுன்ட், ஃபோல்டர், ஃபில்டர், எழுத்து சைஸ் உள்பட எல்லாம் எப்பவும் போல வந்துடுச்சு. பாப் இன்பாக்ஸ் முழுசா இருக்கு. ஆனா வாத்தியார் ஃபோல்டரைக் கிளிக் பண்ணா ஒரு மெயில் கூட இல்ல. காலி. ஃபைல் இன்னும் 1.1 ஜிபிதான் காட்டுது. என்ன ஆச்சு அண்ணா? உள்ள இருக்கறது கெட்டுப் போயிருக்குமா? நோட்பேட்ல திறந்து பாக்கட்டுமா?

செந்தில்_க:
நோட்பேட் அவ்ளோ பெரிய ஃபைலுக்குத் திணறும். பாக்கணும்னா வெளி டிஸ்க்ல இருக்கறதை இன்னொரு காப்பி எடுத்து, பெரிய ஃபைல் தாங்கற எடிட்டர்ல அதைத் திறங்க. எதையும் சேவ் பண்ணிடாதீங்க.

வரிக்குதிரை:
திறந்தேன். முதல்ல ஃப்ரம்னு ஒரு வரி, அப்புறம் தேதி, சப்ஜெக்ட் எல்லாம் இருக்கு, அதுக்குக் கீழ ஒரே குப்பையா இருக்கு. சமன் குறி, ஈ, சைபர், திரும்ப சமன் குறி, ஏ, ஈ, இப்படியே பக்கம் பக்கமா போகுது. ஒரு தமிழ் எழுத்து கூட இல்ல. போச்சா அண்ணா?

பழைய ஹார்ட்டிஸ்க்:
போகல. அதுதான் தமிழ்! மெயில் போக்குவரத்து பழைய காலத்து ஆங்கில எழுத்துக்காக உண்டானது, அதனால தமிழை அனுப்பும்போது யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டு முறைல மாத்தி, ஒவ்வொரு பைட்டையும் சமன் குறி போட்டு ரெண்டு ரெண்டு எழுத்தா எழுதும். யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், கால், கொம்பு, புள்ளி மாதிரி ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியா 3 பைட், முதல் பைட் எப்பவும் ஈ-சைபர், அடுத்தது ஏ-ஈ இல்லன்னா ஏ-எஃப். நீங்க குப்பைன்னு நெனச்சது உங்க வாத்தியாரோட எழுத்துதான், ஒண்ணு கூடக் கெடல. சில மெயில்ல சமன் குறியே இல்லாம நெருக்கமா ஆங்கில எழுத்தும் நம்பரும் கலந்து கட்டம் கட்டமா இருக்கும், அது பேஸ்64னு மாத்தி எழுதற இன்னொரு முறை, அதுவும் நல்லதுதான். தண்டர்பேர்ட் படிச்சதும் தமிழாக் காட்டும்.

காலியாத் தெரியறது இன்டெக்ஸ் சரியில்லாததால. அந்த ஃபோல்டர் மேல வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். சரி வரலன்னா தண்டர்பேர்டை மூடிட்டு எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் அழிச்சுட்டுத் திறங்க, எக்ஸ்டென்ஷன் இல்லாததைத் தொட்டுடாதீங்க. 1.1 ஜிபி, அதனால இன்டெக்ஸ் திரும்பக் கட்ட நேரமாகலாம், நடுவுல மூடாம விடுங்க. முக்கியமா, கம்பேக்ட் பண்ணட்டுமான்னு கேட்டா இப்போ வேணாம்னு சொல்லுங்க.

மழைக்காலம்:
கம்பேக்ட் ஏன் வேணாம்னு சொல்றீங்க? இடம் மிச்சமாகும்னு நான் அடிக்கடி பண்ணுவேன்.

பழைய ஹார்ட்டிஸ்க்:
நல்ல கேள்வி. எம்பாக்ஸ்ல ஒரு மெயிலை டெலிட் பண்ணா அது உடனே ஃபைலை விட்டுப் போகாது, அந்த மெயிலோட தலைப்புல எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ்னு ஒரு வரி இருக்கு, அதுல அழிஞ்சதுன்னு குறி மட்டும் போட்டு வைக்கும். கம்பேக்ட் பண்ணும்போதுதான் நிஜமா வெட்டி எறியும். அதனால தப்பா டெலிட் பண்ண மெயிலைக் கூட கம்பேக்ட் பண்ணாத ஃபைல்ல இருந்து மீட்கலாம். அந்த வரில 0009னு இருந்தா, ஒரு நகல்ல 0001னு மாத்தி, எம்எஸ்எஃப்பை அழிச்சுட்டுத் திறந்தா மெயில் திரும்ப எழுந்து வரும். எல்லாம் நல்லா இருக்கும்போது கம்பேக்ட் பண்றது ஆரோக்கியமான பழக்கம்தான், விடாதீங்க. மீட்பு வேலை நடக்கும்போது மட்டும் கையை வைக்கக் கூடாது.

நித்யா_எம்:
இதைப் படிச்சுட்டே வந்தேன், எனக்கும் உதவி வேணும். நான் அவுட்லுக். என் கேஸ் இன்னும் மோசம், ரிமூவ் எவ்ரிதிங் குடுத்துட்டேன். எஸ்எஸ்டி. விண்டோஸ்.ஓல்ட் இல்ல. பழைய மெயில், அவுட்லுக் மெயிலைச் சேத்து வைக்கற பிஎஸ்டி ஃபைல்ல இருந்துச்சு, ஆஃபீஸ் மெயிலும் இருந்துச்சு. ஏதாவது வழி உண்டா?

பழைய ஹார்ட்டிஸ்க்:
நித்யா, உங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். எஸ்எஸ்டில அழிச்ச இடத்தை ட்ரிம்னு ஒரு கட்டளை போய் டிஸ்குக்குச் சொல்லிடும், டிஸ்க் அந்த இடத்தை உள்ளுக்குள்ளயே சுத்தம் பண்ணிடும். அப்புறம் எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் அங்க படிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன்ல இருந்திருந்தா பழைய சாவியும் போயிருக்கும். அதனால காசு வாங்கிட்டு எடுத்துத் தரேன்னு சொல்றவங்களை நம்பி ஏமாந்துடாதீங்க. சுத்துற ஹார்ட்டிஸ்கா இருந்தா கதை வேற, கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டி, கிடைக்கறதை வேற டிஸ்க்ல சேமிக்கற மாதிரி தேடிப் பாக்கலாம்.

ஆனா உங்க லேப்டாப்புக்கு வெளிய தேட இடம் இருக்கு. ஆஃபீஸ் மெயில் எக்ஸ்சேஞ்ச்ங்கற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்லயோ ஐமேப்லயோ இருந்தா உங்ககிட்ட இருந்தது ஓஎஸ்டி, அது சர்வரோட நகல், அக்கவுன்டைத் திரும்பச் சேத்தாலே இறங்கிடும், அதைப் பத்திக் கவலையே படாதீங்க. பிஎஸ்டிதான் விஷயம். அவுட்லுக் 2010ல இருந்து பாப் அக்கவுன்டோட பிஎஸ்டி வழக்கமா டாக்குமென்ட்ஸ்ல அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கும். உங்க டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவோட சிங்க் ஆகியிருந்துச்சா? பிரவுசர்ல உள்ள போய்ப் பாருங்க, ரீசைக்கிள் பின்னையும் விடாதீங்க. இதுக்கு முந்தின லேப்டாப்ல இருந்து அந்த பிஎஸ்டியை எப்படிக் கொண்டு வந்தீங்க, பென்டிரைவ்லயா? அந்தப் பென்டிரைவ் எங்க?

நித்யா_எம்:
பென்டிரைவ்! ரெண்டு வருஷம் முன்னாடி மாத்தினப்போ காப்பி பண்ணேன். இருங்க தேடுறேன்.

ரவி77:
என் பழைய மெஷின்ல விண்டோஸ் லைவ் மெயில் இருந்துச்சு, அதுக்கும் இதே வழியா?

செந்தில்_க:
இடம்தான் வேற. ஆப்டேட்டால லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் லைவ் மெயில். ஒவ்வொரு மெயிலும் தனித்தனி இஎம்எல் ஃபைலா இருக்கும், தண்டர்பேர்ட்ல ஒரு ஃபோல்டரைத் திறந்து வச்சு அதுக்குள்ள இழுத்துப் போட்டாலே போதும். அந்த ப்ரோக்ராமுக்கு 2017 ஜனவரிலயே சப்போர்ட் நிறுத்திட்டாங்க, அதனால திரும்ப அதுலயே உக்காராதீங்க.

வரிக்குதிரை:
வந்துடுச்சு.

ரிப்பேர் ஃபோல்டர் குடுத்து மூணு நிமிஷம் கூட ஆகல, கீழ இருந்து மேல வரைக்கும் நிரம்பிடுச்சு. 2,316 மெயில். சமன் குறியா தெரிஞ்சதெல்லாம் தமிழா வந்து நிக்குது. முதல் மெயிலைத் திறந்து பாத்தேன். நான் அப்போ 'நடைபெற்றுக்கொண்டிருக்கிறது'ன்னு எழுதியிருக்கேன், அவர் அதுக்குப் பக்கத்துல சிவப்புல 'நடக்கிறது. போதும்.'னு போட்டிருக்கார். அண்ணா, செந்தில், ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

பழைய ஹார்ட்டிஸ்க்:
ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இன்னும் விண்டோஸ்.ஓல்டை அழிச்சுடாதீங்க. பழசு, நடு, புதுசுன்னு ஒரு பத்துப் பதினஞ்சு மெயிலைத் திறங்க, அட்டாச்மென்ட் இருக்கறதா பாத்து அதையும் திறந்து பாருங்க. லிஸ்ட்ல தலைப்பு தெரியறது மட்டும் போதாது.

அப்புறம் இனிமே, தண்டர்பேர்டை மூடிட்டு ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்குக்கு மாசம் ஒரு தடவை காப்பி பண்ணுங்க, திறந்திருக்கும்போது பண்ணாதீங்க, ஃபைல் அரைகுறையா வரும். டூல்ஸ்ல எக்ஸ்போர்ட்னு ஒண்ணு இருக்கு, அது 2 ஜிபி வரைக்கும்தான் ஜிப்பா கட்டும், உங்களோடது 6 ஜிபி, அதனால நேரடி காப்பிதான் சரி. வாத்தியார் ஃபோல்டரை மட்டும் ரெண்டாவது ஒரு டிஸ்க்லயும் போட்டு வேற வீட்ல குடுத்து வைங்க.

மூடிட்ட அந்த பாப் அக்கவுன்டை அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல இருந்து ரிமூவ் பண்ணணும்னு தோணினா, ரிமூவ் மெசேஜ் டேட்டான்னு ஒரு டிக் வரும், அதைப் போட்டுடாதீங்க. ரிமூவ் பண்ணாம வச்சிருந்தா, எர்ரர் வராம இருக்க செக் ஃபார் நியூ மெசேஜஸை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க.

நித்யா_எம்:
பென்டிரைவ் கிடைச்சுது, மேஜை டிராயர்ல அடில கிடந்துச்சு. பிஎஸ்டி இருக்கு, 4 ஜிபி. அவுட்லுக்ல ஃபைல், ஓப்பன் அன்ட் எக்ஸ்போர்ட் போய்த் திறந்தா எர்ரர்ஸ் இருக்குன்னு சொல்லுது.

பழைய ஹார்ட்டிஸ்க்:
அருமை. பென்டிரைவ்ல வச்சுத் திறக்காதீங்க, முதல்ல லேப்டாப்புக்கு காப்பி பண்ணுங்க. ஆஃபீஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்ல ஸ்கேன்பிஎஸ்டின்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கும், அவுட்லுக்கை மூடிட்டு அதுல அந்த நகலைக் காட்டுங்க, ரிப்பேர் கேக்கும்போது பேக்கப் டிக் இருக்கட்டும். முடிஞ்சதும் திரும்ப ஒரு தடவை ஓட்டுங்க, ஒரே தடவைல எல்லாத்தையும் பிடிக்காம விடறது உண்டு.

நித்யா_எம்:
ரெண்டாவது தடவைல சரியாச்சு. கடைசி ரெண்டு வருஷம் போச்சு, அதுக்கு முந்தினது எல்லாம் இருக்கு. அந்த ரெண்டு வருஷத்துல முக்கியமானதை, எனக்கு அனுப்புனவங்ககிட்டயே கேட்டு ஃபார்வர்ட் பண்ணச் சொல்லியிருக்கேன், அவங்க சென்ட் ஃபோல்டர்ல இருக்குமே.

வரிக்குதிரை:
இருவது மெயில் திறந்து பாத்துட்டேன், அட்டாச்மென்ட் பன்னெண்டு, எல்லாமே திறக்குது. ரெண்டாவது டிஸ்குக்கு காப்பி ஓடிக்கிட்டு இருக்கு, இன்னும் நாலு நிமிஷம் காட்டுது. நாளைக்கு தங்கச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.